லயத்து இஸ்தோப்பில் நடேசையர்

தோட்டத்துத் தமிழில் இஸ்தோப்பு என்றொரு சொல் வழங்குகிறது. லயத்துக் காம்பராவின் முன்னுள்ள ஒடுங்கிய திண்ணைக்கு அது பெயர். பண்டிதர்கள் இதனைக் கேட்டு முகஞ்சுளிப்பதுண்டு. நானும் இளமையில் அவ்வாறு சுளித்தவனே. பிற்காலத்தில்தான் அதன் பிறப்பை அறிந்தேன். ஒல்லாந்தர் தம் நாட்டில் வீட்டு முன்படிக்கு வைத்திருந்த பெயர் அது. அவர்கள் நம் கரையோரத்தை ஆண்ட காலத்தில் அச்சொல்லை இத்தீவில் விட்டுச் சென்றனர். சிங்களவர் அதனை இஸ்தோப்புவ என்றனர். ஒல்லாந்தரின் ஆட்சி ஒருநாளும் எட்டாத மலைநாட்டிலே, அவர்கள் கண்ணாற் காணாத தேயிலைத் தோட்டத்திலே, தமிழ்த் தொழிலாளி அதனை எடுத்துத் தன் வாசலுக்குச் சூட்டிக்கொண்டான்.

சொல் வந்தது, ஆனால் சொல்லுக்குரிய பொருள் வரவில்லை. ஒல்லாந்து நாட்டு அமைதியான தெருவொன்றில் வாடகைக்குக் குடியிருப்பவனும் அந்த முன்படியைத் தன் வாசல் என்பான். அவன் அழைத்த விருந்தினன் அதில் ஏறி நிற்கலாம். நம் இஸ்தோப்பிலோ, உடன்பிறந்த தங்கை வந்து நிற்பதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த இஸ்தோப்பிலே அனுமதியின்றி ஏறி அமர்ந்த ஒரு மனிதரின் வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன். அவர் பெயர் கோ. நடேசையர். கீழைத்தேயக் கல்லூரியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவர் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கின்றனர். அவர் செய்தது இன்னதென்று அறிந்தவர் சிலரே.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசைக் கட்டடம், தகரக் கூரை, 12 அடி நீளமும் 10 அடி அகலமுங் கொண்ட ஒரே அறை, முன்னே இஸ்தோப்பு. அதற்குள்ளேயே சமையல், அதற்குள்ளேயே பிள்ளைப்பேறு, அதற்குள்ளேயே மரணம். இதற்கு வாடகை கிடையாது. இதனை ஒரு சலுகையாகத் தோட்டக்காரர் சொல்லிக்கொண்டனர். வாடகை வாங்காத வீட்டில் குடியிருப்பவன் குடிவாரக்காரன் ஆகான் என்பதே இதிலுள்ள சூட்சுமம். பணங் கொடுத்துத் தங்குபவனுக்குச் சட்டத்தில் ஓரிடம் உண்டு. வேலைக்காகத் தங்கவைக்கப்பட்டவனுக்கு வேலையோடு வீடும் போகும். 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் ஒப்பந்தம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதாகக் கருதப்பட்டது. ஒரு மாத அறிவித்தலில் அது முடியும். அம்முடிவைத் தெரிவிக்கும் கடிதத்திற்குத் தோட்டத்தார் இட்ட பெயர் பத்துச்சீட்டு. பற்றுச்சீட்டு என்பதன் மரூஉ அது. இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் மீண்டும் வருவேன்.

நடேசையர் தஞ்சைத் தரணியில் பிறந்தவர். அங்கே வர்த்தக மித்திரன் என்னும் பத்திரிகையை நடத்திவந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் வணிகர் தொடர்பாகக் கொழும்புக்கு வந்தவர், மலைநாட்டில் தம் மக்கள் படும் பாட்டைப் பற்றிக் கேள்வியுற்றார். கேட்டதோடு அமையாமல் காணவும் விரும்பினார். ஆனால் தோட்டத்து எல்லைக்குள் வெளியார் காலடி வைப்பது அத்துமீறலாகும். துரை மறுத்தால் பொலிசார் வருவர். யாருக்கு அனுமதி உண்டென்று ஐயர் விசாரித்தார். புடவை வியாபாரிக்கு உண்டு என்று தெரியவந்தது. தொழிலாளி துணி வாங்கித்தானே ஆகவேண்டும். அதனால் அவர்களை எவரும் தடுப்பதில்லை. ஐயர் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு புறப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை மேடையிற் கூறுவோர் அதனைத் திரைப்படக் காட்சி போலப் பெருக்கிக் கூறுவது வழக்கம். எனக்கு அதில் வியப்பூட்டுவது மாறுவேடமன்று. பத்திரிகையாசிரியராய் வந்தவர் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போயிருப்பார். துணி விற்பவரோ இஸ்தோப்பில் மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தாக வேண்டும். பெண்கள் சுற்றி அமர்வார்கள். விலை பேசும்போது கையிற் காசில்லாக் கதை வெளிவரும். காசில்லாக் கதையின் பின்னே கங்காணியின் கடன் கதை வரும். கடன் கதையின் பின்னே துண்டு வரும். துண்டு என்பது தொழிலாளி பட்டிருக்கும் கடனைக் குறித்த சீட்டு. அக்கடனைத் தீர்ப்பதாக இன்னொரு தோட்டம் ஏற்றாலன்றி அவன் இடம் பெயர முடியாது. அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழிந்ததா என்றால், அது வேறு கேள்வி.

1920-ஆம் ஆண்டளவில் ஐயர் இலங்கையையே தம் நிலைக்களமாக்கிக்கொண்டார். தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. ஒன்று நின்றால் மற்றொன்று எழும். ஆங்கிலத்திலும் அவர் எழுதினார். தோட்டத்துரைமாரின் ஆட்சியைச் சாடி ஆங்கிலத்தில் நூலொன்றும் வெளியிட்டார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் இணைந்து அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவராயினார். 1925-இல் சட்டநிரூபண சபையில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனமொன்றைப் பெற்றார். அச்சபையில் அவர் இருந்த காலத்திலேயே 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. இன்று இத்தொகையைக் கேட்டு மாணவர் நகைக்கின்றனர். அன்று, கூலிக்கு ஒரு கீழெல்லை உண்டென்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே பெரிது.

குணசிங்காவோடு கொண்ட நட்பு நீடிக்கவில்லை. கொழும்பில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தபோது அவரது இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிற்று. ஐயர் பிரிந்தார். பிரிந்தவர் கொழும்பிலேயே இருந்து வழக்கம்போல் பத்திரிகை நடத்தியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல் மலையேறினார்.

1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் அட்டனில் தொடங்கினார். அட்டனையே தம் வாழ்விடமாகவும் ஆக்கிக்கொண்டார். இதனைச் சரித்திர நூல்கள் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. நானோ இதனை அவர் வாழ்வின் நடுநாயகமான செயலாகக் கருதுகிறேன். அட்டன் நகரம் ஒரு சிறு தீவு. மல்லியப்புச் சந்தியில் நின்று எத்திசை நோக்கினும் தேயிலையே தெரியும்; அத்தேயிலை முழுவதும் துரைமாரின் எல்லை. இரயில் நிலையம், கடைவீதி, அவற்றைச் சூழ்ந்த சில தெருக்கள் ஆகியவை மட்டுமே எவர் அனுமதியுமின்றி எவரும் நடக்கக்கூடிய நிலம். அங்கே ஒரு கதவு தொழிலாளிக்காகத் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருபவன் அந்தக் கதவைத் தட்டலாம். உள்ளே போய் நாற்காலியில் அமரலாம். நாற்காலியில் அமர்வது அற்ப விஷயமென்று எண்ணுவோர், துரையின் முன் தொழிலாளி எவ்வாறு நின்றான் என்பதை மூத்தோரிடம் கேட்டறிக.

மீனாட்சியம்மையாரைக் கூறாமல் ஐயரைக் கூறுவது ஒரு கண்ணால் பார்ப்பதாகும். ஐயரின் துணைவியாராகிய இவ்வம்மையார் பத்திரிகைப் பணியில் பங்கெடுத்ததோடு, கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் அச்சுத்தாள் சென்று சேராது. பாட்டுச் சென்று சேரும். கொழுந்து கிள்ளும் மலையில் அது வாய்க்கு வாய் பரவும்; அதனைப் பறிமுதல் செய்ய எந்தப் பொலிசாராலும் முடியாது. 1939-இல் அரசாங்க இலாகாக்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை வேலைநீக்க முடிவு செய்யப்பட்டதையடுத்து எழுந்த கொந்தளிப்பில், இந்தியரின் இலங்கை வாழ்க்கை நிலைமை பற்றி அவர் பாடிய பாடல்கள் 1940-இல் நூலாக வெளிவந்தன. மலையகத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் அம்மையாருக்கு இன்னும் சில பக்கங்கள் கூடுதலாக ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஐயரும் எழுத்தையே ஆயுதமாகக் கொண்டவர். நீ மயங்குவதேன் என்ற கட்டுரை நூல், தொழிலாளரின் அந்தரப் பிழைப்பைச் சித்திரிக்கும் நாடகம், தொழிலாளருக்குரிய சட்டங்களை விளக்கும் சிறு நூல் என அவர் ஆக்கியவை பல. அவர் நடை இலக்கணச் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் எழுதியவர் அவர். வாசிப்பவனும் அவசரத்தில் இருந்தவனே. மறுநாட் காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டியவன்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை வீழ்ந்தது. 54 சதமும் குறைக்கப்பட்டது. சம்மேளனத்தின் தொடக்க வேகம் அந்த ஆண்டுகளில் தளர்ந்தது. ஒருபுறம் துரைமாரும் மறுபுறம் பெரிய கங்காணிமாரும் நெருக்க, சந்தா செலுத்தவும் அஞ்சிய தொழிலாளரைக் கொண்டு சங்கம் நடத்துவது எளிதன்று. ஆயினும் 1936-இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். பத்தாண்டுக்கு மேல் அவர் அங்கே அமர்ந்து பேசினார். தோட்டத்தில் வாழும் தொழிலாளருக்குக் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்கு மறுக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். கிராமத்துக்கு நடுவே வாழ்ந்தும் அவர்கள் கிராமத்தவர் ஆகவில்லை. முதலில் வீடு அவர்களுடையதன்று என்றாயிற்று. பின்னர் ஊரும் அவர்களுடையதன்று என்றாயிற்று.

ஐயரிடம் குறையில்லையா எனின், உண்டு. எவரோடும் நெடுங்காலம் சேர்ந்து நடக்க அவரால் இயலவில்லை. 1939-இல் ஜவகர்லால் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் எழுந்தது. அவர் உழுத நிலத்திலே பிறர் விதைத்தனர்; அறுவடையும் பிறருக்கே ஆயிற்று. அவர் ஒதுங்கி நின்றார். ஒதுக்கப்பட்டார் என்பாரும் உளர்; இரண்டிலும் உண்மையுண்டு. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரசார் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர், ஐயர் புகவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனைக் காணாமற் போனது அவருக்கு வாய்த்த ஒரே நல்லூழ்.

அவர் காணாமற் போன வேறொன்றும் உண்டு. 1946-இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை அரசாங்கம் கையேற்று, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறும்படி அறிவித்தது. அவர்கள் வெளியேறவில்லை, போக வேறிடம் இல்லை. மலைநாடு எங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. தங்கியிருந்தோர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. அறையை விட்டுப் போகாதவனின் மேலோங்கிய நோக்கம் உரிமையாளரைத் துன்புறுத்துவதன்று, தன் வீட்டில் தொடர்ந்து இருப்பதே என்று கண்டு, கழகம் 1950-இல் தண்டனையை நீக்கிற்று. இலயத்து அறையை உயர்ந்த நீதிமன்றமொன்று வீடு என்று கருதிப் பேசிய தீர்ப்பு அது. ஐயர் இறந்து ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்திருந்தது.

இனிப் பற்றுச்சீட்டுக்கு வருகிறேன். நான் பிறந்தது ஒரு லயத்துக் காம்பராவில். ஆசிரியப் பணி கிடைத்தபின், 1996-இல், அட்டனில் இரண்டு அறையுள்ள சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்துப் பெற்றோரை அழைத்துவந்தேன். மாத முடிவில் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று, வாடகையை வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டுத் தருவதாகச் சொல்லி உள்ளே போனார். என் தந்தையாரின் முகம் வெளுத்துவிட்டது. தவணை தவறாமற் பணங் கொடுத்திருக்க, எதற்காக நம்மை வெளியேற்றுகிறார் என்று என்னைக் கேட்டார். நாற்பதாண்டுக் காலம் தோட்டத்தில் உழைத்தவருக்கு அச்சொல்லின் பொருள் ஒன்றுதான். ஆசிரியனாகிய நான் சொற்பொருள் விளக்கம் சொல்லத் தொடங்கினேன், அவர் செவிசாய்க்கவில்லை. வீட்டுக்காரர் தாளைக் கொணர்ந்து கொடுத்து, இன்ன மாதத்து வாடகை பெறப்பட்டது என்று படித்துக் காட்டிய பின்னரே தெளிந்தார்.

அந்தத் தாளை என்னிடம் அவர் தரவில்லை. தம் தகரப்பெட்டியில் மடித்து வைத்தார். அடுத்த மாதத்ததையும் அதன் மேலே வைத்தார். மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாயிற்றா என்று கேட்க மாட்டார். பற்றுச்சீட்டு வந்ததா என்றே கேட்பார். அவர் மறைந்தபின் பெட்டியைத் திறந்தேன். பிரஜாவுரிமைப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளும் அடியில் இருந்தன; அவற்றின் மேலே, ஒன்பது ஆண்டுகளுக்குரிய வாடகைச் சீட்டுகள், ஆண்டுக்கொரு நூலாற் கட்டப்பட்டு, வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன.