முக்கால் ரூபாய்க் கணக்கு: புதுமைப்பித்தன்

இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நம்மில் பாதிப் பேருக்கு மில், புகைக்கூண்டு, பசி, கூலி என்றாலே சார்லஸ் டிக்கன்ஸ்தான் ஞாபகம் வருவார். 12 வயசில் ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டின பையன், வளர்ந்து 1854-ல் 'ஹார்ட் டைம்ஸ்' எழுதினார். இங்கிலாந்து மில் ஊர்களின் கதை அது. சரி, அந்த நாட்டு மில்களுக்குக் கப்பல் ஏறிய பஞ்சில் ஒரு பங்கு நம்ம திருநெல்வேலிக் கரிசலில் விளைஞ்சதுதானே. இந்தப் பக்கத்துக் கூலிக்காரங்களை யாருப்பா எழுதினது? எனக்கு முதலில் தோணுற பேர் சொ. விருத்தாசலம். ஊருக்குத் தெரிஞ்ச பேர் புதுமைப்பித்தன்.

பிறந்தது 1906 ஏப்ரல் 25, கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில். பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். எட்டு வயசில் அம்மா இறந்துட்டாங்க, அப்பா மறுமணம் செய்துகொண்டார். 1918-ல் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடிக்கும்போது நம்ம ஆளுக்கு 25 வயசு. அரசாங்க வேலைக்கான வயசு வரம்பு கைநழுவிப் போச்சு, பையனை ஆபீசர் ஆக்கணும்னு அப்பா போட்ட கணக்கும் போச்சு. (அரியர் வச்சிருக்கிறவங்க இந்த வரியை மெதுவா படிக்கவும்.) அதே 1931-ல் திருவனந்தபுரத்தில் இருந்த கமலாவோடு கல்யாணம். அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. 1934 வாக்கில் எழுதிப் பிழைக்கலாம் என்று சென்னைக்குக் கிளம்பினார்.

அப்போது வந்துகொண்டிருந்த 'மணிக்கொடி' பத்திரிகையில் எழுதினால் பேர் கிடைக்கும், காசு பெரிசா கிடைக்காது. அந்த மணிக்கொடியில்தான் 1934 மே மாசம் 'பொன்னகரம்' வந்தது. மொத்தமே சில பக்கங்கள். அம்மாளு ஒரு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுகிறவன். வண்டி விபத்தில் அவனுக்கும் அடி, குதிரைக்கும் அடி. படுத்திருக்கிறவன் பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசு இல்லை, மில்லில் கூலி போட இன்னும் நாள் இருக்கு. இருட்டுச் சந்தில் ஒருத்தன் ரொம்ப நாளாகவே அம்மாளு மேல் கண் வைத்திருக்கிறான். அவள் அன்றைக்கு முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள், புருஷனுக்குக் கஞ்சி கிடைக்கிறது. முடிஞ்சது.

டிக்கன்ஸாக இருந்தால் நானூறு பக்கம் கழித்து எங்கிருந்தாவது ஒரு நல்ல மனசுக்காரர் வந்திருப்பார். இங்கே யாரும் வரமாட்டார். அம்மாளு அழவும் இல்லை, ஆற்றில் குதிக்கவும் இல்லை. கற்பு பற்றிப் பேசுகிற நம்மைப் பார்த்துக் கடைசியில் ஒரு குத்து, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆட்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

எங்க மதுரையில் பழைய ஹார்வி மில் இருக்கிற பக்கம் பொன்னகரம் என்றே ஒரு ஏரியா உண்டு. அதை வச்சுத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை, கதையில் மதுரை பேரே கிடையாது. ஆனால் இந்தத் தலைப்பை மதுரைக்காரங்க சாதாரணமாகக் கடந்து போக முடியாது.

அடுத்த வருஷம், 1935-ல், 'துன்பக்கேணி'. இது நீளமான கதை. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்தில் கஷ்டப்பட்ட நம்ம பெண்களைப் பற்றி பாரதி பாடினார் இல்லையா, தலைப்பு அந்தப் பாட்டிலிருந்து எடுத்தது. புதுமைப்பித்தன் அதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார். புருஷன் வெள்ளையன் ஜெயிலில், கர்ப்பிணியான மருதி கூலியாகப் பதிவு செய்துகொண்டு கப்பல் ஏறுகிறாள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார், மண்டபம் கேம்ப்பில் நோய் இருக்கா என்று பார்ப்பாங்க, தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் இறக்கம். முன்பணம் கடனாக மாறி ஆளோடு கூடவே மலை ஏறும். மருதி அங்கே கொழுந்து கிள்ளுவதோடு போகவில்லை, அதிகாரம் கையில் இருந்தவனுக்கு அவள் உடம்பும் வேண்டியிருந்தது. கடைசியில் மிஞ்சியது நோய்.

கதையில் எனக்கு உறுத்துகிற இடங்களும் இருக்கு. சாதிப் பெயர்களை அந்தக் காலத்துக் கிண்டலோடு தூக்கிப் போடுகிறார், மருதியைச் சில இடங்களில் தூரத்திலிருந்து பார்க்கிறார். ஆனால் தேயிலைப் பெட்டிக்குள் என்ன இருக்கு என்று 1935-லேயே தமிழில் திறந்து காட்டினவர் அவர்.

இவரும் கூலிக்கு எழுதினவர்தான் என்பதை மறந்துடக் கூடாது. 'தினமணி'யில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் கீழே உதவி ஆசிரியர் வேலை. பகல் முழுக்க செய்தி மொழிபெயர்ப்பு, மிச்ச நேரத்தில் கதை, வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு, புத்தக விமர்சனம், சண்டை. 1943-ல் முதலாளியோடு சொக்கலிங்கத்துக்கு மோதல் வந்து அவர் வெளியேறியபோது கூடவே வெளியேறினார். இன்னொரு வேலை கையில் வைத்துக்கொண்டு ரிசைன் பண்ணுகிற நம்ம ஐ.டி. புத்தி அவருக்கு இல்லை. பிறகு 'தினசரி', அதற்குப் பிறகு சினிமா. சொந்தமாக பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று ஆரம்பித்தார், அது எழவில்லை. கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் அப்பா வீட்டில். புருஷன் அனுப்பிய கடிதங்கள் இப்போது புத்தகமாகவே கிடைக்கிறது. பணம் அனுப்ப முடியாததன் சங்கடம் அதில் திரும்பத் திரும்ப வரும். பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. 1946-ல் பிறந்த தினகரி மட்டும் நிலைத்தாள்.

1947-ல் தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத பூனா போனார். திரும்பும்போது காசநோய் முற்றியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் உலகத்தில் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த மருந்து. எழுதிப் பிழைக்கிறவன் கைக்கு அது எட்டுகிற விலையிலா இருந்திருக்கும்? 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில் இறந்தார். வயசு 42. குழந்தைக்கு இரண்டு வயசுகூட சரியாக இருக்காது. நூறை ஒட்டிய கதைகளை எழுதியது மொத்தம் பதினைந்து வருஷத்துக்குள்.

நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951-ல் இவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அடுத்த இரண்டே வருஷத்தில் அதே ரகுநாதன் நெசவாளர் பட்டினியை வைத்து 'பஞ்சும் பசியும்' நாவல் கொண்டுவந்தார். நமக்கு முழு நீள மில் நாவல், தறி நாவல் வேண்டும் என்றால் அங்கே போகலாம்.

2002-ல் தமிழக அரசு புதுமைப்பித்தன் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. 2014-ல் சென்னைப் பல்கலைக்கழகம் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஒடுக்கப்பட்ட மக்களை, அவர்கள் வீட்டுப் பெண்களைச் சித்தரித்த விதம் காயப்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்திருந்தது. அந்தக் காயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் வைத்து சண்டை போட வேண்டிய கதையை வகுப்பை விட்டே அனுப்பினால், மருதியைப் பற்றி யார் எங்கே பேசுவது? இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'பொன்னகரம்' படிக்க, பஸ் ஆரப்பாளையத்திலிருந்து பெரியார் நிலையம் போய்ச் சேருகிற நேரம் போதும். 'துன்பக்கேணி'க்கு ஒரு ராத்திரி ஒதுக்கணும்.