காத்திருப்போரை எண்ணிய அறிஞர்

ஒரே கணிப்பொறியிடம் பலர் வேலை தருகின்றனர். எதை முதலில் செய்வது? எதை நிறுத்தி வைப்பது? இந்த முன்னுரிமைச் சிக்கலைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி என்னும் ஆங்கிலேயர். அவர் வாழ்க்கை மாணவர்களாகிய நாம் அறியத்தக்கது.

1916-இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஆலிவர் பகைவரின் மறைகுறிச் செய்திகளை விடுவிப்பதில் வல்லவர். தாய் ரே பெண்ணுரிமைக்குப் பாடுபட்ட எழுத்தாளர். எனினும் கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேச்சி சிறப்பாகத் தேறினாரல்லர். இடையில் மனம் நலிந்து படிப்பும் தடைப்பட்டது. ஆராய்ச்சி செய்யும் வாய்ப்புக் கிட்டவில்லை. போருக்குப் பின் பள்ளி ஆசிரியரானார். 1949 முதல் ஹாரோ பள்ளியில் கற்பித்தார்.

முப்பத்து நான்காம் வயதில்தான், 1951-இல், கணிப்பொறி அவர் வாழ்வில் புகுந்தது. டூரிங் எழுதிய கையேட்டைப் படித்து, மான்செஸ்டர் பொறிக்கு மிக நீண்ட நிரலொன்றை எழுதிச் சென்றார். அது ஓடி முடிந்து, இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணையும் இசைத்ததாம்! 1952-இல் பள்ளி வேலையை விடுத்து, தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார்.

1959-இல் பாரிசில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில், நேரப் பகிர்வு பற்றிய கட்டுரையை அளித்தார். கணிப்பொறி விரைவானது, நாடாவும் அச்சுப்பொறியும் மெதுவானவை, மனிதனோ இன்னும் மெதுவானவன். ஒருவர் தம் நிரலின் பிழையைத் தேடி யோசிக்கும்போது பொறி ஏன் சும்மா இருக்க வேண்டும்? அந்த இடைவேளையில் வேறொரு நிரல் ஓடட்டும். அவர் விசையைத் தொட்டதும் அவர் வேலைக்குத் திரும்பட்டும் என்பது அவர் கருத்து. ஒரே பொறியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து பயன்படுத்தும் முறையை அவர் கருதவில்லை. அதனை 1961-இல் அமெரிக்காவில் கோர்பாட்டோ குழுவினர் செய்து காட்டினர். நெடுநேரம் ஓடும் நிரல் அவர்கள் முறையில் கீழ்ப்படிக்கு இறங்கும். குறுகிய வேலை முந்தும்.

இம்முறையின் நியாயத்தை நான் எங்கள் துறையில் நாள்தோறும் காண்கிறேன். என் கணக்கு இரண்டு இரவுகள் ஓடும். பக்கத்து மாணவரின் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அவர் முந்தினால் எனக்கு இழப்பு அரை நிமிடம். நான் முந்தினால் அவருக்கு இழப்பு இரண்டு நாள். முன்னுரிமை என்பது பெரியவர் சிறியவர் என்னும் வரிசையன்று. யாருடைய காத்திருப்பு வீணாகிறது என்று பார்ப்பதே. ஆயினும் சிறு வேலைகளே வந்துகொண்டிருந்தால் பெரிய வேலை என்றும் நடவாது. ஆதலின் நெடுநேரம் காத்திருப்பதன் முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் வழக்கமும் பின்னர் எழுந்தது.

1965-இல் ஆக்ஸ்போர்டில் நிரலாக்க ஆராய்ச்சிக் குழுவின் தலைவரானார் ஸ்ட்ரேச்சி, 1971-இல் பேராசிரியரானார். 1975-இல் 58-ஆம் வயதில் மறைந்தார். முனைவர் பட்டம் பெறாதவர். பலர் நிலைபெற்றுவிட்ட வயதில் துறைக்குள் நுழைந்தவர். மதிப்பெண் பட்டியலின் கீழ்ப்பகுதியில் தம் பெயரைக் கண்டு சோரும் நண்பர்கள் இவரை நினைத்துக்கொள்க. வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் முறை வரும். அது வரும்போது செய்வதற்கு ஒரு வேலை மட்டும் நம் கையில் இருத்தல் வேண்டும்.