ஆணி பொறுக்கிய பஸ் முதலாளி

ஒரு காலத்தில் மதுரைப் பக்கத்தில் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்களாம்! அவ்வளவு நேரம் தவறாத பஸ், டி.வி.எஸ். பஸ். அதை நடத்தியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

வக்கீல் வேலை

1877-ம் ஆண்டு நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வக்கீல் ஆனார். பிறகு ரெயில்வேயில் வேலை. அதன் பின் பாங்கில் வேலை. எல்லாவற்றையும் உதறிவிட்டு, 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். மறு ஆண்டே மதுரையில் பஸ் விட்டார்.

காந்த வண்டி

அந்தக் காலத்து ரோடுகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் அதிகம். லாட ஆணிகள் கழன்று ரோடெங்கும் கிடக்கும். ஒரு ஆணி குத்தினால் போதும், டயர் பஞ்சர்! பஸ் நடு வழியில் நின்றுவிடும். கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் வெயிலில் தவிப்பார்கள்.

சுந்தரம் ஐயங்கார் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓடவிட்டார். ஆணிகளைக் காந்தம் இழுத்துக்கொண்டது. பஞ்சர் குறைந்தது. பஸ்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

தேய்ந்த டயருக்குப் புது வாழ்வு

இரண்டாம் உலகப் போர் வந்தது. ரப்பர் விளையும் மலேயாவை 1942-ல் ஜப்பான் பிடித்துக்கொண்டது. டயர் கிடைக்கவில்லை. பெட்ரோலுக்கும் பஞ்சம். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியை அவருடைய கம்பெனி செய்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பதித்து, மறுபடி ஓடவைக்கும் தொழிற்சாலையையும் அவர் ஏற்படுத்தினார்.

1955-ல், தமது 78-வது வயதில் காலமானார்.

நமக்கும் பாடம்

அவர் காட்டிய வழி பஸ் முதலாளிகளுக்கு மட்டும் அல்ல. வேலூர்–ஆரணி ரோட்டில், ஜவ்வாது மலைப் பக்கம் உள்ள கண்ணமங்கலத்தில் ஒருவர் கார் வைத்திருந்தால், அவருக்கும் அது பொருந்தும். மலை ரோட்டில், மழை நாளில், மொட்டை டயர் வழுக்கிவிடும். காருக்குள் பிள்ளை குட்டிகள் இருப்பார்கள் அல்லவா?

மாதம் ஒரு முறை டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா, ஆணி குத்தியிருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் டயரும் பின் டயரும் ஒரே மாதிரி தேய்வது இல்லை. ஆகவே, சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அவற்றை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள். டயரில் உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஆணி குத்திய பிறகு வருந்துவதில் பயன் இல்லை. குத்தும் முன்பே பொறுக்கியவர் சுந்தரம் ஐயங்கார்!