பேசும் பொறி

வொல்ஃப்காங் வான் கெம்ப்பெலன், இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் பிரெஸ்பர்க் நகரில் 1734ஆம் ஆண்டு பிறந்தார். வியன்னா அரசவையில் பணியாற்றிய இவர், 1770இல் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டி அனைவரையும் வியக்க வைத்தார். உண்மையில், பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார்!

ஆனால், அவர் உருவாக்கிய பேசும் பொறியில் எவ்வித ஏமாற்றும் இல்லை. நுரையீரலுக்குப் பதிலாகத் துருத்தி. குரல்வளைக்குத் தந்தத்தாலான மெல்லிய தகடு. வாய்க்கு இரப்பர்க் கூம்பு. வலது கையால் துருத்தியை அழுத்தி, இடது உள்ளங்கையால் கூம்பின் வாயைச் சிறிதும் பெரிதுமாகத் திறந்தால் உயிரொலிகள் மாறின. வாயை அடைத்து, மூக்குத் துளைகளைத் திறந்தால் மெல்லின ஒலி எழுந்தது. இன்று பேச்சுச் சில்லுக்கு எந்த ஒலி, எப்போது என்று நுண்கட்டுப்படுத்தி குறியீடுகளை அனுப்புகிறது. அன்று அவ்வேலையைக் கெம்ப்பெலனின் விரல்களே செய்தன.

பொம்மையால் வந்த புகழே அவருக்குத் தடையாயிற்று. பொறியையும் வேடிக்கை என்றே பலர் எண்ணினர். கெம்ப்பெலன் தளரவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால ஆய்வை, பொறியின் அமைப்பை மறைக்காமல், 1791இல் நூலாக வெளியிட்டார். 1804இல் அவர் மறைந்தார்.

பின்னர் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிவியலாளர் அந்நூலைக் கொண்டு பொறியை மீண்டும் செய்தார். அதைக் கண்ட இளைஞர் ஒருவர், தம் அண்ணனோடு சேர்ந்து பேசும் தலை ஒன்றை உருவாக்கினார். அவர்தாம் பிற்காலத்தில் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.