அளந்து ஆண்ட அரசன் ஷெர்ஷா

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



பள்ளிக்கூடத்தில் ஷெர்ஷா என்றாலே நமக்கு ஒரு சின்ன கேள்விதான். சாலை போட்டார், மரம் நட்டார், ரூபாய் நாணயம் வெளியிட்டார் என்று மூன்று வரி எழுதினால் முழு மார்க். நானும் அப்படி எழுதிவிட்டு மறந்துபோனவன்தான். சர்வே பிராக்டிகலில் முதன்முதலாகச் செயினைக் கையில் பிடித்தபோதுதான் அந்த மனிதர் மறுபடி நினைவுக்கு வந்தார். அதற்கு எங்கள் வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கல்வராயன் மலைக்காரன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள். எங்கள் மலையில் 1976 வரைக்கும் ஜாகீர் முறை இருந்தது. கீழே கள்ளக்குறிச்சியில் சர்க்கார் நடந்தாலும் மேலே ஜாகீர்தான் என்று தாத்தா இன்றைக்கும் சொல்லுவார். ஒரு பகுதியின் வரி வருமானத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் ஜாகீர். டெல்லி சிம்மாசனத்தில் அமர்ந்த ஷெர்ஷா அப்படிப்பட்ட ஒரு ஜாகீர்தார் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று படித்தபோது, சரி, இவர் கதையை முழுசாகத் தெரிந்துகொள்வோம் என்று தோன்றியது.

வீட்டை விட்டுப் போன பிள்ளை

அவருடைய இயற்பெயர் பரீத். பாட்டனார் இப்ராகிம் ஆப்கானிய நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குதிரை வியாபாரி. தந்தை ஹசன்கான், இன்றைய பீகாரில் உள்ள சசராம் பகுதியின் ஜாகீர்தார். சொத்துக்குக் குறைவில்லை. ஆனால் தந்தைக்குப் பல மனைவியர். இளைய மனைவி சொன்னதே வீட்டில் சட்டம். பரீத்துக்கும் அவர் தாய்க்கும் அங்கே மரியாதை இல்லை. மனம் வெறுத்த பரீத் வீட்டை விட்டு ஜான்பூருக்குப் போனார். அந்தக் காலத்தில் ஜான்பூர் பெரிய கல்வி நகரம். அங்கே அரபியும் பாரசீகமும் வரலாறும் ஊன்றிப் படித்தார். படிப்பில் அவர் காட்டிய அக்கறை தந்தையின் காதுக்கு எட்டியது. அப்பாவும் பிள்ளையும் சமாதானமானார்கள். ஜாகீரை நிர்வாகம் செய்யும் பொறுப்பு பரீத்தின் கைக்கு வந்தது.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பின்னாளில் ஒரு பேரரசை நடத்திய முறை முழுவதையும் அவர் இங்கேதான் கற்றுக்கொண்டார். முதல் வேலையாகக் குடியானவர்களையும் ஊர்த் தலைவர்களையும் கணக்கர்களையும் ஒன்றாகக் கூட்டினார். நிலத்தை அளந்து வரி போடுவதா, விளைச்சலில் பங்கு வாங்குவதா என்று குடியானவர்களையே கேட்டார். ஒவ்வொருவரும் தமக்கு வசதியானதைச் சொன்னார்கள். அதன்படியே எழுதிக் கொடுத்தார். நிலம் அளக்கிறவனுக்கு எவ்வளவு கூலி, வரி வசூலிக்கிறவனுக்கு எவ்வளவு கூலி என்பதையும் முன்கூட்டியே நிர்ணயித்தார். ஏனென்றால் வரியை விட இந்த இடைக்கூலிதான் ஏழையின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வரியைத் தீர்மானிக்கும்போது இளக்கம், வசூலிக்கும்போது கண்டிப்பு. இதுதான் அவருடைய கொள்கை. ஜாகீர் செழித்தது.

செழித்ததே வினையாகவும் போயிற்று. சிற்றன்னையின் பொறாமையால் மறுபடியும் வெளியேற வேண்டி வந்தது.

பரீத் ஷெர்கான் ஆன கதை

பிறகு அவர் பீகாரை ஆண்ட பகார்கான் லோகானியிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் வேட்டையில் ஒரு புலியைக் கொன்றதால் ஷெர்கான் என்ற பட்டம் கிடைத்தது என்பார்கள். கொஞ்ச காலம் பாபரின் படையிலும் இருந்தார். மொகலாயர்களின் பலம் எது, பலவீனம் எது என்று பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். பீகாருக்குத் திரும்பிப் படிப்படியாக உயர்ந்தார். சுனார் கோட்டை அவர் வசமானது. 1538-ல் வங்காளத்தின் தலைநகரான கௌர் அவர் கைக்கு வந்தது.

இனி மொகலாயப் பேரரசர் உமாயூனோடு நேருக்கு நேர் மோதல். 1539 ஜூன் மாதம் கங்கைக் கரையில் சௌசா என்ற இடத்தில் நடந்த போரில் உமாயூன் படை சிதறியது. ஒரு தண்ணீர்த் துருத்திக்காரன் தன் தோல்பையை ஊதிக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு உமாயூன் ஆற்றைக் கடந்து உயிர் தப்பினார். ஷெர்கான் ஷெர்ஷா ஆனார். அடுத்த ஆண்டு, 1540 மே 17-ல், கன்னோசிப் போரிலும் உமாயூன் தோற்று நாட்டை விட்டே ஓடினார். குதிரை வியாபாரியின் பேரன் டெல்லி சுல்தான் ஆனார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

புது அரசனின் முதல் வேலைகள்

நாற்காலி கிடைத்ததும் ஆள் மாறிப்போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஷெர்ஷா சசராமில் சின்ன அளவில் செய்ததை இந்தியாவில் பெரிய அளவில் செய்தார், அவ்வளவுதான்! தனக்கு முன்னால் எத்தனை வருஷம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கிடைத்தது ஐந்தே வருஷம். அதற்குள் எதை முதலில் செய்தார் என்று பார்த்தால் மனிதர் யாரென்று புரிந்துவிடும்.

முதலாவது நிலம். 60 கஜம் நீளமுள்ள கயிறு ஒன்று அளவுக்கு வைக்கப்பட்டது. 60-க்கு 60, அதாவது 3,600 சதுர கஜம் ஒரு பிகா. நிலத்தை நல்லது, நடுத்தரம், மட்டம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றின் விளைச்சலுக்கும் சராசரி எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு என்று வைத்தார். எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று எழுதி ஒரு தாளைக் குடியானவன் கையில் கொடுத்தார். அதன் பெயர் என்ன தெரியுமா? பட்டா! நம் ஊர்த் தாலுக்கா ஆபீஸ் வாசலில் ஜனங்கள் மனுவோடு நிற்பது எந்தத் தாளுக்காகவோ, அதே சொல்தான். சம்மதம் என்று குடியானவன் பதிலுக்கு எழுதிக் கொடுத்தது கபூலியத். ஷெர்ஷாவின் பர்கானாவில் அமீன் என்ற அதிகாரி இருந்தார். கோர்ட் அமீன் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதே சொல். டெல்லிக்கும் கல்வராயன் மலைக்கும் எவ்வளவோ தூரம். ஆனாலும் அந்த நிர்வாகத்தின் சொற்கள் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவது சாலை. வங்காளத்தின் சோனார்கானிலிருந்து சிந்து நதிவரை போன பெருவழியைச் சீர்ப்படுத்தினார். அது அவர் புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. மௌரியர் காலத்திலிருந்தே மக்கள் நடந்த தடம்தான். ஆனால் வழிப்போக்கனின் கஷ்டம் அறிந்து அதைச் சாலையாக்கியவர் இவர். ஆக்ராவிலிருந்து பர்கான்பூருக்கு ஒன்று, ஜோத்பூர், சித்தூர் பக்கம் ஒன்று, லாகூரிலிருந்து முல்தானுக்கு ஒன்று என்று மேலும் சாலைகள். இருபுறமும் நிழல் மரங்கள். இரண்டு குரோசத்துக்கு ஒரு சத்திரம். மொத்தம் 1,700 சத்திரங்கள் என்று பழைய வரலாறு கூறுகிறது. ஒவ்வொன்றிலும் கிணறு, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி தங்குமிடம், சமையல், குதிரைக்குக்கூடத் தீனி. அரசனுடைய தபால் குதிரைகளும் அங்கேயே நின்றன. அதனால் நாட்டுச் செய்தி சீக்கிரமாகத் தலைநகர் வந்து சேர்ந்தது.

மூன்றாவது நாணயம். 178 கிரெயின் எடையில், ஏறத்தாழ பதினொன்றரை கிராம், நல்ல வெள்ளியில் ரூபாய் அடித்தார். அவருடைய நாணயங்களில் பாரசீக எழுத்தோடு நாகரி எழுத்திலும் அவர் பெயர் இருந்தது. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் தெரிந்த எழுத்து வேண்டும் அல்லவா? அந்தப் பெயர்தான் இன்றும் நம் சட்டைப் பையில் இருக்கிறது.

நான்காவது காவல். ஓர் ஊர் எல்லையில் திருட்டுப் போனால் அந்த ஊர்த் தலைவன் திருடனைப் பிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் தானே நஷ்டத்தைக் கட்ட வேண்டும். படை நகரும்போது பயிர் மிதிபடக்கூடாது என்று குதிரைவீரரை நிறுத்திக் காவல் போட்டார். தப்பித்தவறி மிதிபட்டால் நஷ்டஈடு.

குறையும் சொல்ல வேண்டும்

தலைவர்களின் வரலாறு எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அது சரியில்லை என்பது என் கருத்து. 1543-ல் ராய்சேன் கோட்டையில் பூரண்மல் என்ற ராஜபுத்திரர், உயிருக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்டதை நம்பி வெளியே வந்தார். அந்த வாக்கு காக்கப்படவில்லை. அவரும் அவரோடு வந்தவர்களும் அழிக்கப்பட்டார்கள். நிலத்தை அவ்வளவு நியாயமாக அளந்தவர் கொடுத்த சொல்லை மீறிவிட்டாரே என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு என்பதும் சுமார் நிலத்துக்காரனுக்குப் பாரம்தான். சராசரி என்பது நல்ல நிலத்துக்காரனுக்கு லாபம், மட்டமான நிலத்துக்காரனுக்கு நஷ்டம். மலையில் சாமை விதைக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

முடிவு

1545-ல் காலிஞ்சர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். வீசிய வெடி ஒன்று கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பி, குவித்து வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. ஷெர்ஷா தீயில் கருகினார். கோட்டை பிடிபட்டது என்ற செய்தி வந்த பிறகே உயிர் பிரிந்தது. மே 22-ஆம் தேதி அது. சசராமில் ஓர் ஏரியின் நடுவே, 122 அடி உயரத்தில், எண்கோண வடிவில் அவருடைய கல்லறை நிற்கிறது. அமைப்பியல் மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய கட்டடம்.

பத்து ஆண்டுகளில் அவருடைய வம்சம் ஆட்சியை இழந்தது. 1555-ல் உமாயூன் திரும்பி வந்தார். ஆனால் உமாயூனின் மகன் அக்பர், பகைவனுடைய முறை என்று ஒதுக்காமல் ஷெர்ஷாவின் நில அளவை முறையையே எடுத்துக்கொண்டார். ஷெர்ஷாவிடம் வேலை பார்த்த தோடர்மால்தான் அக்பருக்கும் வருவாய்த் துறையை நடத்தினார். ஒரு குறையை மட்டும் திருத்தினார்கள். சணல் கயிறு நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். அதனால் கயிற்றை எடுத்துவிட்டு, மூங்கில் துண்டுகளை இரும்பு வளையத்தால் இணைத்த அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். நம்முடைய செயினுக்கு அது தாத்தா முறை!

எங்கள் வீட்டுக் கயிறு

இந்தக் கயிற்று விஷயத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் நிலம் தாத்தா பெயரில் கூட்டாக இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கயிறு போட்டு, இத்தனை கயிறு பெரியப்பாவுக்கு, மீதி அப்பாவுக்கு என்று கல் நட்டார்கள். நிலம் குறைகிறது என்று பெரியப்பா அன்றிலிருந்தே சொல்லிவந்தார். பேராசை என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

பாகம் பிரித்தது அடைமழைக் காலம். கயிறு நனைந்த கயிறு. நிலம் சரிவு. சரிவில் கயிற்றைத் தரையோடு ஒட்டிப் போட்டால் அளவு கூடக் காட்டும், படிப்படியாக மட்டம் பிடித்துத்தான் அளக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு தவறும் பெரியப்பாவுக்குத்தான் நஷ்டம், லாபம் எங்களுக்கு. யாரும் ஏமாற்றவில்லை. கயிறுதான் ஏமாற்றியது.

லீவில் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மண்ணில் குச்சியால் கோடு போட்டு மறுபடி விளக்கச் சொன்னார். விளக்கினேன். மரவள்ளி பிடுங்கினதும் அண்ணனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அளந்துடலாம், நீயே செயினைப் பிடி என்றார். கல் எங்கள் பக்கம் எவ்வளவு நகரும் என்று இன்னும் தெரியாது. நகரட்டும்.

நண்பர்களே! நாம் யாரும் ராஜா ஆகப்போவதில்லை. ஆனால் டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம்மில் பலர் செயின் பிடிப்போம், லெவல் பார்ப்போம், சாலைக்கு எஸ்டிமேட் போடுவோம். டேப்பின் ஒரு முனையை நாம் பிடித்திருக்கும்போது மறுமுனையில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. ஜான்பூரில் படித்துவிட்டு ஊர் திரும்பிய அந்த வாலிபன் முதலில் கேட்டது குடியானவனின் சம்மதத்தை, முதலில் சரிசெய்தது அளவை. படித்த படிப்பை நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.