ஒடக்சா: பூவுக்குள் ஒளிந்த பெயர்

உலர்தாவரக் காப்பகத்தின் ஒவ்வொரு தாளையும் ஒரு சாட்சியாகவே நான் கருதுகிறேன். அழுத்தி உலர்த்திய ஒரு கிளை. அதனருகே தாவரத்தின் பெயர், பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர். இவற்றுள் எளிதில் விடுபட்டுப்போவது கடைசிப் பெயர்தான். ஜப்பானின் கடலோரங்களில் காட்டுப் புதராக வளரும் ஹைட்ராஞ்சியாவை எண்ணும்போது, பிலிப் ஃபிரான்ஸ் ஃபொன் சீபோல்டின் வாழ்க்கை இதனாலேயே என் நினைவுக்கு வருகிறது.

1796-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்த இம்மருத்துவர், டச்சுப் பணியாளராக 1823-இல் நாகசாகியின் தெஜிமா தீவை அடைந்தார். அந்நியர் விருப்பம்போல் நாட்டுக்குள் உலவ முடியாத காலம் அது. ஆகவே மாணவர்களும் பிறரும் கொண்டுவந்து கொடுத்த செடிகளால் அவரது தொகுப்பு வளர்ந்தது. ஓவியர் கவஹரா கெய்கா அவருக்காகத் தாவரங்களை வரைந்தார்.

அங்கே குசுமோதோ தாகி அவருக்குத் துணைவியானார். 1827-இல் மகள் இனே பிறந்தார். மறு ஆண்டே, தடைசெய்யப்பட்ட நிலப்படங்கள் சீபோல்டிடம் இருந்தது வெளிப்பட்டது. 1829-இல் அவர் நாடுகடத்தப்பட்டார். படங்களைக் கொடுத்துதவிய அரசு வானியலாளர் தகாஹாஷி காகெயாசு சிறையிலேயே இறந்தார்.

லெய்டனில் குடியேறிய சீபோல்ட், சுக்காரினியுடன் இணைந்து 1835 முதல் ஜப்பானியத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பந்துபோல் பூக்கும் தோட்டத்து ஹைட்ராஞ்சியா ஒன்றுக்கு ஒடக்சா என்று அதில் பெயரிட்டு, அது ஜப்பானியர் வழங்கும் பெயர் என்றார். அத்தகைய வழக்கு இல்லாததைக் கண்ட தாவரவியலாளர் மகினோ தொமிதாரோ, தாகியை மரியாதையுடன் அழைக்கும் ஒதாகி சான் என்பதன் மருவே அது எனப் பிற்காலத்தில் விளக்கினார். துன்பர்க் 1784-இல் இட்ட பெயரே முந்தியதாதலால், ஒடக்சா இன்று தனிச் சிற்றினமாக ஏற்கப்படுவதில்லை.

1859-இல் ஜப்பான் திரும்பிய சீபோல்ட், தாகியையும், அதற்குள் மருத்துவம் கற்றிருந்த இனேயையும் மீண்டும் சந்தித்தார். 1866-இல் மியூனிக்கில் காலமானார்.

அன்புக்குரியவரின் பெயரை அவர் ஒரு பூவுக்குள் வைத்துவிட்டுப் போனார். செடிகளைத் தேடித் தந்த பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பழைய தாள்கள் இன்று எண்ம வடிவம் பெற்றுவருகின்றன. தாவரத்தின் பெயரைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், சீட்டுகளில் மங்கிக் கிடக்கும் மனிதர்களின் பெயர்களையும் தேடிப் பதிவுசெய்ய வேண்டும். அறிவியல் அவர்களுக்குப் பட்ட கடன் அது.