தகரக் கழுதையைப் பறக்கவிட்டவர்

ஹூகோ யுங்கர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த மனிதரோ குளியலறைகளுக்கான எரிவாயுச் சுடுநீர்க் கருவிகளைச் செய்து விற்றுப் பொருள் ஈட்டியவர்.

1859 பெப்ரவரி 3ஆம் திகதி ஜேர்மனியில் பிறந்த யுங்கர்ஸ், ஆகன் நகரில் பேராசிரியராக இருந்தார். விமானத்தின் மீது அவர் கவனம் திரும்பியபோது வயது ஐம்பதை எட்டியிருந்தது. மரச்சட்டம், கம்பி, துணி, இவைதான் அன்றைய விமானம். முழுவதும் உலோகத்தால் செய்யலாம் என்றார் அவர். மெல்லிய தகட்டை வளைத்து ஒட்டும் கைப்பழக்கம் அவரது சுடுநீர்க் கருவித் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருந்தது.

1915 டிசெம்பர் 12ஆம் திகதி பெர்லினுக்கு அருகே டோபெரிட்ஸில் அவரது ஜே 1 விமானம் மேலெழுந்தது. ஒரு மில்லிமீற்றரும் தாண்டாத உருக்குத் தகடுகளை வெல்டிங் செய்து கட்டிய விமானம் அது. வெளித்தகட்டின் உட்புறத்தில் நெளித்தகட்டை வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தார்கள். உறுதி இருந்தது, பாரமும் இருந்தது. மேலே ஏறத் திணறியது. தகரக் கழுதை என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் பாரம் குறைந்த டுராலுமினை வெல்டிங் செய்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். அலுமினியத்துடன் செம்பும் மக்னீசியமும் கலந்த அந்த உலோகத்தின் வலிமை, சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துச் சில நாட்கள் விட்டுவைப்பதால் வருவது. வெல்டிங் வெப்பம் பட்டால் ஒட்டின் இருபுறமும் அந்த வலிமை போய்விடும். தகடு கோணும், ஒட்டில் வெடிப்பும் விழும். பறக்கும்போது ஓயாமல் அதிரும் தகட்டில் அப்படியொரு வெடிப்பு சிறிதாகவே இருந்துவிடாது.

எனவே யுங்கர்ஸ் வெல்டிங்கை விட்டு, வெப்பம் தேவையற்ற தறையாணிக்கு மாறினார். கூரைத் தகரம் போலத் தகட்டை நெளித்தார்; மெல்லியதாயினும் மடங்காமல் நின்றது. 1919 ஜூனில் பறந்த எஃப் 13 என்ற பயணிகள் விமானம் இந்த முறையில் பிறந்ததுதான். என் கணக்கில் அவரது மிகச் சிறந்த வேலை அது. நாடுகளை இணைக்கும் வண்டியாகவே அவர் விமானத்தைப் பார்த்தார்.

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் மிரட்டி அவரது காப்புரிமைகளையும் பின்னர் பெரும்பான்மைப் பங்குகளையும் பறித்தார்கள். தொழிற்சாலை இருந்த டெசாவ் நகருக்குள் கால்வைக்கத் தடை. வீட்டுக்காவல். 1935 பெப்ரவரி 3, தமது 76ஆவது பிறந்தநாளில், மியூனிக்குக்கு அருகே இறந்தார்.

ஏழு மாதங்களின் பின் ஜூ 87 குண்டுவீச்சு விமானம் முதன்முறை பறந்தது. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் குவேர்னிகா நகரை எரித்த ஜூ 52 விமானங்களின் உடலில், அவர் வகுத்த அதே நெளித்தகடு இருந்தது. அந்த விமானங்கள் இரண்டும் அவர் பெயரையே சுமந்தன.